சான் பிரான்சிஸ்கோ இளையோர் ஆணையம்

சான் பிரான்சிஸ்கோ இளையோர் ஆணையம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அமைந்துள்ள சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் அரசு அமைப்புகளுள் ஒன்று ஆகும். சிறுவர், இளையோர் தொடர்பான விடயங்களில் நகரின் மேயருக்கும் மேற்பார்வையாளர் அவைக்கும் ஆலோசனை வழங்குவது இதன் பணி. நியமிக்கப்படும் பொழுது 12 முதல் 23 வயது வரை உடைய 17 உறுப்பினர்களைக் கொண்டது. இவர்களுள் பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். 1995 நவம்பரில் நகர வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த பட்டயத் திருத்தம் ஒன்றின் மூலம் இது உருவாக்கப்பட்டது.

ஆணையம் என்ற சொல் தமிழில் விசாரணை ஆணையத்தையோ தேர்தல் ஆணையத்தையோ நினைவூட்டக்கூடும். அமெரிக்க நகர ஆட்சியில் அது வேறு பொருளில் வழங்குகிறது. நூலகம், பூங்கா, காவல் துறை எனப் பல துறைகளுக்கும் பொதுமக்களுள் இருந்து நியமிக்கப்பட்ட சிலர் கொண்ட குழு ஆணையம் எனப்படும். இளையோர் ஆணையமும் அத்தகைய ஒன்றே. ஏனைய நகரங்களில் இதனை ஒத்த அமைப்புகள் இளையோர் மன்றம், மேயரின் இளையோர் குழு போன்ற பெயர்களில் அறியப்படுகின்றன.

பின்னணி

சான் பிரான்சிஸ்கோ நகரமும் மாவட்டமும் ஒன்றாக இணைந்த ஆட்சிப் பகுதி ஆகும். மாவட்டத்திற்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் 11 மேற்பார்வையாளர்கள் சட்டமியற்றும் அவையாகவும், மேயர் செயலாட்சித் தலைவராகவும் உள்ளனர். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள் தொகை 873,965. அமெரிக்கப் பெருநகரங்களுள் சிறுவர்களின் விழுக்காடு மிகக் குறைந்த நகரமாக இது பெரிதும் பேசப்படுவது. வாடகை உயர்வால் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறுவது பல ஆண்டுகளாக அங்கே அரசியல் கவலையாக இருந்து வருகிறது.

இந்தக் கவலையின் முதற் பெரும் விளைவு 1991 ஆம் ஆண்டின் சிறுவர் நிதி ஆகும். சொத்து வரி வருவாயில் ஒரு பங்கைச் சிறுவர் சேவைகளுக்கென ஒதுக்குவதற்கு வாக்காளர்கள் அவ்வாண்டில் ஒப்புதல் அளித்தனர். அமெரிக்க நகரங்களுள் இவ்வாறு செய்த முதல் நகரம் இதுவே. நிதி கிடைத்த பின் அதை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை சொல்லும் இடத்தில் சிறுவரும் இருக்க வேண்டும் என்னும் கருத்து, நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆணையத்தில் வடிவம் பெற்றது எனலாம்.

ஆணையம் பட்டயத்தில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. பட்டயம் என்பது நகரின் அடிப்படைச் சட்டம். பல நகரங்களில் இளையோர் மன்றங்கள் மேயரின் விருப்பத்தால் தோன்றி, அடுத்த மேயர் வரும்பொழுது கவனிப்பாரின்றி மறைவதுண்டு. பட்டயத்தில் எழுதப்பட்ட ஒன்றை நீக்க மீண்டும் வாக்காளரிடம் செல்ல வேண்டும்.

அமைப்பு

11 மேற்பார்வையாளர்களும் மேயரும் தலைக்கு ஓர் உறுப்பினரை நியமிக்கின்றனர். இவற்றுடன், போதிய பிரதிநிதித்துவம் பெறாத சமூகங்களில் இருந்து மேலும் ஐவரை மேயர் நியமிக்கிறார். ஆக மொத்தம் 17. உறுப்பினர் நகரவாசியாக இருத்தல் வேண்டும். இனம், பால், பாலியல் நாட்டம் ஆகியவற்றில் நகரின் பன்மையை ஆணையம் பிரதிபலிக்க வேண்டும் எனப் பட்டயம் கூறுகிறது. பதவிக் காலம் ஓர் ஆண்டு.

உறுப்பினர்கள் தம்மை நியமித்தவரின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருக்க முடியும். இது சிக்கலான ஏற்பாடு. ஒரு மாணவர் தம்மை நியமித்த மேற்பார்வையாளரின் மசோதாவை எதிர்த்து வாக்களிக்கலாம்; எதிர்த்து வாக்களித்தவரை நீக்குவதற்கும் சட்டத்தில் தடையில்லை. இளையோரால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் இளையோரின் பிரதிநிதி ஆவாரா என்ற கேள்வியும் இதன் உடன்பிறப்பு.

ஆணையம் மேற்பார்வையாளர் அவையின் கீழ் இயங்குகிறது. அதன் ஊழியர்கள் அவையின் செயலாளர் அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். ஊழியர்கள் முழுநேரப் பணியாளர்கள், உறுப்பினர்கள் பள்ளிக்குச் செல்பவர்கள் என்பதால், ஆவணங்களைத் திரட்டுதல், துறை அதிகாரிகளை அழைத்தல் முதலான அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஊழியர்களைச் சார்ந்துள்ளன.

பள்ளி மாவட்டத்தின் கல்வி வாரியத்தில் அமரும் மாணவப் பிரதிநிதிகளுடன் இவ்வாணையத்தைக் குழப்பிக்கொள்ளலாகாது. அவர்கள் பள்ளி நிருவாகத்துடன் தொடர்புடையவர்கள். இளையோர் ஆணையத்தின் எல்லை பேருந்து, காவல், வீட்டு வசதி, வேலைவாய்ப்பு, நகர வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றைச் சார்ந்தது.

அதிகாரமும் செயல்முறையும்

ஆணையத்திற்குச் சட்டமியற்றும் அதிகாரமோ மறுப்பதிகாரமோ இல்லை. ஆனால் பட்டயம் அதற்கு ஒரு சிறப்புரிமையை வழங்கியுள்ளது. சிறுவரையும் இளையோரையும் முதன்மையாகப் பாதிக்கும் எந்த விடயத்திலும் மேற்பார்வையாளர் அவை இறுதி முடிவு எடுக்கும் முன்னர், அவையின் செயலாளர் அதனை ஆணையத்தின் கருத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆணையம் 12 நாட்களுக்குள் பதில் தரலாம். அந்தக் கெடு முடிந்த பின், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவை முடிவெடுக்கலாம். பொதுநலன் கருதி உடனடி நடவடிக்கை தேவைப்படும் பொழுது இவ்விதி பொருந்தாது.

12 நாட்கள் என்பது தாளில் போதுமானதாகத் தெரியும். ஆணையம் மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது பட்டய விதி. நடைமுறையில் மாதத்தில் இரு திங்கட்கிழமைகளில், பள்ளி முடிந்த பின் மாலையில் நகர மண்டபத்தில் கூடி வந்துள்ளது. இரண்டு வாரங்களுக்கு ஒரு கூட்டம் என்றால் இடைவெளி 14 நாட்கள். ஒரு கூட்டம் முடிந்த மறுநாள் மசோதா வந்து சேர்ந்தால், அடுத்த கூட்டத்திற்கு முன்பே கெடு முடிந்துவிடும். அப்பொழுது சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும், அல்லது வாய்ப்பை இழக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம் (1953 இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டம்) இவ்வாணையத்திற்கும் பொருந்தும். வழமையான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்னதாக வெளியிடப்பட வேண்டும். நிரலில் இல்லாத விடயத்தில் முடிவெடுக்க இயலாது. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பான்மை உறுப்பினர்கள், அதாவது ஒன்பது பேர், ஆணையத்தின் முன்னுள்ள ஒரு விடயத்தைக் கூட்டத்திற்கு வெளியே கலந்து பேசுவது தடை செய்யப்பட்டுள்ளது. தொலைபேசிக் குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் செய்தி அனுப்பி ஒத்த கருத்துக்கு வருவதும் இத்தடையில் அடங்கும். பதினாறு வயதினருக்கு இது கடினமான கட்டுப்பாடு. வயது வந்தோரின் ஆணையங்களுக்கு உரிய விதிகள் அனைத்தும் சலுகையின்றி இவர்களுக்கும் பொருந்துகின்றன என்பதே இவ்வமைப்பை மாதிரிப் பாராளுமன்றப் போட்டிகளில் இருந்து வேறுபடுத்துகிறது.

ஆணையத்தின் முடிவுகள் தீர்மானங்களாக நிறைவேற்றப்பட்டு மேயருக்கும் அவைக்கும் அனுப்பப்படுகின்றன. இவை தவிர, வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் காலத்தை ஒட்டி, முன்னுரிமைகளைப் பட்டியலிடும் அறிக்கை ஒன்றையும் ஆணையம் ஆண்டுதோறும் அளித்து வந்துள்ளது.

இலவசப் பேருந்துப் பயணம்

ஆணையம் பங்குகொண்ட முயற்சிகளுள் சாதாரண மாணவரின் நாளாந்த வாழ்வைத் தொட்டது இளையோருக்கான இலவசப் பயணத் திட்டம் ஆகும். நகரின் பொதுப் போக்குவரத்துச் சேவை மியூனி எனப்படுகிறது. 2009 இல் 10 டாலராக இருந்த இளையோர் மாதச் சீட்டின் விலை சில ஆண்டுகளில் இருமடங்கைத் தாண்டியது. அதே காலத்தில் பள்ளி மாவட்டம் நிதி நெருக்கடியால் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகளைக் குறைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்குச் செல்ல நகரப் பேருந்தை நம்பியிருந்த மாணவர் பலருக்குச் சீட்டு வாங்குவது சுமையானது. சீட்டின்றிப் பயணித்துப் பிடிபட்டால் தண்டம்.

குடியிருப்பாளர் அமைப்புகளும் மாணவர்களும் இளையோர் ஆணையமும் இணைந்து கோரியதை அடுத்து, 2013 மார்ச்சில் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 5 முதல் 17 வயதினருக்கு இலவசப் பயணம் சோதனை முறையில் தொடங்கியது. 2014 இல் கூகுள் நிறுவனம் இத்திட்டம் தொடர 68 இலட்சம் டாலர் அளித்தது. தொழில்நுட்ப நிறுவனங்களின் தனிப் பேருந்துகள் நகர நிறுத்தங்களைப் பயன்படுத்துவதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில் இக்கொடை வந்தது. 2021 ஆகத்து முதல் வருமான வரையறையும் விண்ணப்பமும் நீக்கப்பட்டு 18 வயது வரையுள்ள அனைவருக்கும் பயணம் இலவசமாக்கப்பட்டது. இவ்வெற்றியை ஆணையத்தின் தனிச் சாதனையாகக் கூறுவது மிகையாகும். எனினும் கோரிக்கையை அரசு ஆவணமாக மாற்றி நகர மண்டபத்திற்குள் கொண்டுசென்றதில் அதற்குப் பங்குண்டு.

வாக்களிக்கும் வயது பற்றிய முயற்சி

ஆணையத்தின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்டது, நகரத் தேர்தல்களில் வாக்களிக்கும் வயதை 18 இல் இருந்து 16 ஆகக் குறைக்கும் முயற்சி ஆகும். மேரிலாந்து மாநிலத்தின் தகோமா பார்க் நகரம் 2013 இல் இதனைச் செய்து அமெரிக்காவில் முன்னோடியாக இருந்தது. 2015 இன் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ இளையோர் ஆணையம் இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. மேற்பார்வையாளர் ஜோன் அவலோசு அதனைப் பட்டயத் திருத்தமாக முன்மொழிந்தார். 2016 நவம்பரில் எப் முன்மொழிவு என்ற பெயரில் அது வாக்காளர் முன் வைக்கப்பட்டது.

மாணவர்கள் வீடு வீடாகச் சென்றும் தொலைபேசியில் அழைத்தும் ஆதரவு திரட்டினர். அவ்வாண்டு வாக்குச் சீட்டு அசாதாரண நீளமுடையது. மாநில முன்மொழிவுகள் மட்டும் 17. குடியரசுத் தலைவர் தேர்தலும் உடன் நடந்தது. முடிவில் ஆதரவாக ஏறத்தாழ 47.9 விழுக்காடும் எதிராக 52.1 விழுக்காடும் வாக்குகள் பதிவாகின. தம் உரிமை பற்றிய அந்த வாக்கெடுப்பில் பிரசாரம் செய்த பதினாறு, பதினேழு வயதினர் எவருக்கும் வாக்கு இல்லை.

2020 இல், மேற்பார்வையாளர் அவைத் தலைவராக இருந்த நோர்மன் யீயின் முன்மொழிவால் இது ஜி முன்மொழிவாக மீண்டும் வந்தது. இம்முறை ஆதரவு 49.2 விழுக்காடாக உயர்ந்தும் மயிரிழையில் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பதினாறு வயதாக இருந்தவர்கள் இப்பொழுது வாக்காளர்களாக இருந்தனர். ஆனால் அவர்களுள் எத்தனை பேர் உயர் வாடகையுள்ள அந்நகரிலேயே தங்கியிருந்தனர் என்பது வேறு கேள்வி.

எதிர்த்தவர்களின் வாதங்களும் கவனிக்கத்தக்கவை. பதினாறு வயதினர் பெற்றோரையோ ஆசிரியரையோ பின்பற்றி வாக்களிப்பர் என்பது ஒன்று. சொத்து வரி, கடன் பத்திரம் போன்றவற்றில் சுமையை ஏற்காதவர் முடிவெடுக்கலாகாது என்பது மற்றொன்று. பதினாறு வயதில் வேலை செய்து வரி கட்டுவோர் உள்ளனர் என்பதும், பள்ளியில் பயிலும் காலத்தில் முதல் வாக்கை அளிப்பவர் அப்பழக்கத்தைத் தொடர்வர் என்பதும் ஆதரவாளர் பதில். விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள பெர்க்லி (2016), ஓக்லாந்து (2020) நகரங்களின் வாக்காளர்கள், பள்ளி வாரியத் தேர்தலுக்கு மட்டும் 16 வயதினருக்கு வாக்குரிமை வழங்க ஒப்புதல் அளித்தனர். அவ்வுரிமை இரு நகரங்களிலும் 2024 நவம்பரில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. ஒப்புதலுக்கும் பயன்பாட்டுக்கும் இடையில் பெர்க்லியில் எட்டு ஆண்டுகள் கடந்தன. 2016 இல் பதினாறு வயதாக இருந்தவர் அதற்குள் இருபத்து நான்கு வயதை எட்டியிருப்பார்.

பிற நகரங்களில்

பிரான்சின் சில்டிகைம் நகரம் 1979 இல் சிறுவர் நகர மன்றம் ஒன்றை அமைத்தது. அந்நாட்டில் இத்தகைய மன்றங்கள் பரவ அது தொடக்கமாக அமைந்தது. அமெரிக்காவில் பாசுடன் நகர மேயர் தோமசு மெனினோ 1994 இல் மேயரின் இளையோர் மன்றத்தை உருவாக்கினார். அந்நகரம் 2014 இல் மூலதன நிதியில் 10 இலட்சம் டாலரை ஒதுக்கி, அதை எவ்வாறு செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயதினர் வாக்களித்து முடிவு செய்ய விட்டது. உயர்நிலைப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள், பூங்கா மேம்பாடு முதலியன தெரிவாகின.

வர்சீனியா மாநிலத்தின் ஆம்ப்டன் நகரம் வேறு வழியை நாடியது. அங்கே 24 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கொண்ட இளையோர் ஆணையம் இருந்ததுடன், நகரத் திட்டமிடல் துறையில் மாணவர்கள் ஊதியத்துடன் பகுதிநேரத் திட்டமிடுநர்களாகவும் பணியமர்த்தப்பட்டனர். ஆலோசனை கூறுவோர் ஒருபுறம், அதை அலுவலகத்தின் உள்ளிருந்து எழுதுவோர் மறுபுறம் என்ற இவ்வேற்பாட்டிற்காக ஆம்ப்டன் 2005 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் அரசாட்சிப் புதுமை விருதைப் பெற்றது.

திறனாய்வு

இளையோர் மன்றங்கள் பற்றிய திறனாய்வுகளில் ரோசர் ஆர்ட் 1992 இல் யுனிசெப்பிற்காக எழுதிய கட்டுரை அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் விளக்கினார். கீழ் மூன்று படிகளான கையாளுதல், அலங்காரம், பெயரளவுப் பங்கேற்பு ஆகியவை உண்மையில் பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. நிழற்படத்திற்கு நிற்கவும் விழாவில் வரவேற்கவும் மட்டும் அழைக்கப்படும் மன்றங்கள் இப்படிகளைத் தாண்டுவதில்லை. சான் பிரான்சிஸ்கோ ஆணையம் பட்டய உரிமையால் மேலே நிற்கிறது எனினும், 12 நாள் கழித்து அவை அதன் கருத்தைப் புறக்கணிக்கலாம் என்பதால் எந்தப் படியில் நிற்கிறது என்பது அந்தந்த ஆண்டின் மேற்பார்வையாளர்களைப் பொறுத்ததாகிறது.

தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமை சிறுவருக்கு உண்டு என்பது 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12 ஆம் உறுப்புரை ஆகும். ஐக்கிய அமெரிக்கா இவ்வுடன்படிக்கையில் 1995 பெப்ரவரியில் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யவில்லை. அதே ஆண்டின் நவம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் இவ்வாணையத்தைத் தம் பட்டயத்தில் எழுதினர்.

2024 நவம்பரில் வாக்காளர் ஏற்ற ஈ முன்மொழிவின்படி, நகரின் ஆணையங்கள் அனைத்தையும் ஆராய்ந்து எவற்றை வைத்துக்கொள்வது, இணைப்பது, நீக்குவது எனப் பரிந்துரைக்க ஐவர் குழு அமைக்கப்பட்டது. இளையோர் ஆணையமும் அந்த ஆய்வுக்கு உட்பட்டது.