கொல்லிமலையில் அச்சமும் அருட்பணியும்

பேயை நம்பாத அறிவாளி ஒருவன் பேய் பிடித்தவளைக் காண்கிறான். முதலில் நகைக்கிறான், பின்பு நடுங்குகிறான். அச்சமூட்டும் திரைப்படங்கள் பல இவ்வாறே அமைகின்றன. 1973-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'எக்சார்சிஸ்ட்' என்னும் படத்தில் ஐயுறுபவர், மனநோய் மருத்துவம் பயின்ற ஒரு குருவானவர். இத்தகைய படங்களைக் கண்ட இளைஞர் போதகரிடம் கேட்பது, பேய் உண்டா இல்லையா என்பதே. கொல்லிமலையின் அருட்பணி வரலாறு இவ்வினாவை வேறொரு நிலையில் வைத்துக் காட்டுகிறது.

கொல்லிமலை நெடுங்காலமாக அச்சத்தோடு பேசப்பட்ட இடம். சங்கப் பாடல்கள் குறிக்கும் கொல்லிப்பாவை, தன் நகையால் மயக்கி உயிர் கவரும் என்பது வழிவழி வந்த கதை. அச்சத்துக்குக் கண்கூடான காரணமும் இருந்தது. மலையேறிய சமவெளி மக்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான்.

1913-இல் மணம் முடித்த ஜெசி பிராண்டும் எவலின் அம்மையாரும் இம்மலையில் குடியேறினர். ஜெசி பட்டம் பெற்ற மருத்துவரல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது காலம் பயின்றவர். நரம்புச்சிலந்திப் புழுவை நோயாளியின் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியே எடுப்பார். மக்கள் மருந்தை ஏற்றனர். நற்செய்தியைப் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி அவர்களை எதிர்த்து நின்றார்.

முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய இன்புளுயன்சா காய்ச்சல் மலையையும் தாக்கியது. பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தபோது, அயலார் அஞ்சி அணுகவில்லை. பிராண்டு தம்பதியரே பணிவிடை செய்தனர். இறக்கும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார்.

இங்கு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஜெசி பூசாரியை வாதத்தால் வென்றாரல்லர். மருந்தும் வெல்லவில்லை, பூசாரி மாண்டார். வென்றது, அஞ்சியவர் விலகிய வீட்டினுள் அவர் நுழைந்ததே. ஐயுறுபவனுக்கும் அஞ்சுபவனுக்கும் பொதுவான குறை இதுவே: ஒருவன் நகைத்தும் மற்றவன் நடுங்கியும், இருவருமே துன்புறுபவரை விட்டு எட்டி நிற்கின்றனர்.

1929-இல், நாற்பத்து நான்காம் வயதில், மலேரியாவோடு தொடர்புடைய கருநீர்க் காய்ச்சலால் ஜெசி மறைந்தார். மலை பழிவாங்கியது என அச்சம் சொல்லக்கூடும். ஆயினும் எவலின் அம்மையார் மலைப்பணியை விட்டாரல்லர். முதுமையிலும் மலைகளில் தொண்டாற்றி, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

பேய் பிடித்தவள் என ஒரு பெண்ணை நம்மிடம் அழைத்து வரும்போது, அவள் உண்டாளா, உறங்கினாளா, அவளை எவரேனும் அடித்தனரா என்றே முதலில் வினவுவோம். மருத்துவரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவன்று. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்கிறது. சங்கிலிகளை முறித்துக் கல்லறைகளில் அலைந்தவனைக் குறித்து மாற்கு எழுதிய நிகழ்ச்சியோ, அவன் தெளிந்த புத்தியுடன் தன் வீட்டாரிடம் அனுப்பப்படுவதில் முடிகிறது. போதகரின் பணியும் அந்த வீட்டு வாயில் வரை செல்ல வேண்டும்.