மேய்ப்பன் விண்மீன் தரும் பாடம்



நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில், மின்விளக்குகளின் ஒளி குறைந்த ஓரிடத்தில் நின்று வடதிசை வானை நோக்குங்கள். அடிவானத்திற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் தெரியும். அதற்கு மேலே, நீட்டிப் பிடித்த கைமுட்டியின் அகலத்தைவிடச் சிறிது கூடுதலான உயரத்தில், மங்கலான விண்மீன் ஒன்று தென்படும். அரபு மக்கள் அதற்கு இட்ட பெயர் 'அர்-ராஈ'. மேய்ப்பன் என்பது அதன் பொருள். அருகிலுள்ள சிறு விண்மீன்களை அவர்கள் அவனுடைய ஆடுகளாகவும் காவல் நாயாகவும் கண்டார்கள். இன்று உலக வானியலாளர்கள் வழங்கும் 'எர்ராய்' என்ற பெயர் அந்த அரபுச் சொல்லின் திரிபேயாகும்.

நம் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் இந்த மேய்ப்பன் உண்மையில் இரண்டு விண்மீன்கள். அவற்றுள் பெரியதைச் சுற்றி ஒரு கோளும் வலம் வருகிறது. அந்தக் கோளைச் சிலர் கண்டார்கள். கண்ட பின்பும் உறுதியாகச் சொல்ல மறுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்கள் கண்டது சரியே என்று நிலைநாட்டப்பட்டது. அறிவைப் பற்றிச் சாட்சியம் சொல்வோர் எத்தகைய பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்த வரலாறு ஒரு நல்ல முன்மாதிரி.

இரட்டை விண்மீன்கள்

முதலில் இரட்டை விண்மீன் என்றால் என்ன என்பதை அறிந்துகொள்வோம். வானில் அருகருகே தெரியும் இரு விண்மீன்கள் வெகுதொலைவில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்து, நம் பார்வைக்கு மட்டும் நெருங்கித் தெரியலாம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் என்பவர் 1779 முதல் இத்தகைய இணைகளைப் பட்டியலிட்டு, ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தார். அவற்றுட் சில ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்பதை 1803-ஆம் ஆண்டில் சான்றுகளுடன் வெளியிட்டார்.

திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயத்தில், அல்லாஹ் தன்னை 'ஷிஃரா' என்னும் விண்மீனின் இறைவன் என்று கூறுவதை நாம் அறிவோம். அறியாமைக் கால அரபுகளில் சிலர் வணங்கி வந்த விண்மீன் அது. இரவு வானிலேயே மிகவும் பிரகாசமான அந்த விண்மீன் நேர்கோட்டில் செல்லாமல் சற்றே தள்ளாடிச் செல்வதை ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று 1844-இல் கூறினார். 1862-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் என்னும் கண்ணாடிவில்லைத் தொழிலாளர், தாம் செய்த புதிய தொலைநோக்கியைச் சோதித்தபோது அந்தத் துணையை நேரில் கண்டார். இரண்டும் சுமார் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

பெஸ்ஸல் கையாண்ட வழியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். காண இயலாத ஒன்றை, காணக்கூடிய ஒன்றின் தள்ளாட்டத்தைக் கொண்டு அறிவது அந்த வழி. மேய்ப்பனைச் சுற்றும் கோளும் ஏறத்தாழ அவ்வாறுதான் அறியப்பட்டது.

தம் கண்ணால் கண்ட அஸ்-ஸூஃபி

விண்மீன்களின் அரபுப் பெயர்கள் இன்றுவரை நிலைத்திருப்பதற்குப் பெரிதும் காரணமானவர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி. கி.பி. 903-இல் ரய் நகரில் பிறந்து 986-இல் மறைந்தவர். புவைஹி ஆட்சியாளர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் வாழ்ந்த அவர், 964-ஆம் ஆண்டையொட்டி நிலைத்த விண்மீன்களைப் பற்றிய தமது நூலை எழுதி முடித்தார். கிரேக்க அறிஞர் தாலமி எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த பட்டியலே அன்று அறிஞர் உலகில் கோலோச்சியது.

அஸ்-ஸூஃபி அந்தப் பட்டியலை மதித்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் தாமே பார்த்து, அதன் பிரகாசத்தை மதிப்பிட்டு, தாலமி கூறியதில் பிழை கண்ட இடங்களைத் திருத்தி எழுதினார். பாலைவன மக்கள் வழங்கிய பெயர்களையும் உரிய விண்மீன்களோடு சேர்த்துப் பதிவு செய்தார். பெரியோர் கூற்றை மதிப்பதும் அதைச் சரிபார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவருடைய நூலே சான்று.

மௌனா கீ மலையின் மீது

ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து வருவோம். பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய் தீவில் மௌனா கீ என்னும் எரிமலை உள்ளது. கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில், கனடாவும் பிரான்சும் ஹவாயும் இணைந்து நிறுவிய தொலைநோக்கி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த கார்டன் வாக்கர், புரூஸ் கேம்பெல், ஸ்டீபன்சன் யாங் ஆகியோர் 1980-களின் தொடக்கத்திலிருந்து சுமார் 12 ஆண்டுக்காலம் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட விண்மீன்களைத் திரும்பத் திரும்ப அளந்தனர். வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைத் தேடுவதே அவர்களின் நோக்கம். அன்று அத்தகைய கோள் ஒன்றுகூட உறுதியாக அறியப்பட்டிருக்கவில்லை. இந்தத் தேடலையே வீண் வேலை என்று கருதியோர் பலர்.

கோள் தனக்கென ஒளியற்றது; விண்மீனின் ஒளியில் அது மறைந்துவிடும். ஆயினும் கோள் சுற்றும்போது அதன் ஈர்ப்பால் விண்மீனும் சிறிது நம்மை நோக்கி வந்து, பின்பு விலகிச் செல்கிறது. நெருங்கும்போது அதன் ஒளிக்கோடுகள் நீல நிறப் பக்கமும், விலகும்போது சிவப்பு நிறப் பக்கமும் மிக நுண்ணிய அளவில் நகர்கின்றன. அந்த நகர்வை அளக்க ஓர் அசையாத அளவுகோல் தேவை. அதற்காக அவர்கள் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்னும் வாயுவை ஒரு குப்பியில் அடைத்து, விண்மீனின் ஒளியை அதன் வழியே செலுத்தினார்கள். நச்சுத்தன்மை கொண்ட, அரித்துத் தின்னும் வாயு அது. ஒவ்வோர் இரவும் அதைக் கையாள்வதே ஆபத்தான வேலை.

அவர்கள் அளந்த விண்மீன்களுள் மேய்ப்பனும் ஒன்று. அதன் தள்ளாட்டம் வினாடிக்கு இருபத்தேழு மீட்டர் அளவினது. அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். ஒரு விரைவு ரயிலின் வேகம்! மேய்ப்பன் விண்மீனோ ஏறத்தாழ 45 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது ஒன்பது இலட்சம் கோடி கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு ரயிலின் வேக மாற்றத்தை அளப்பது எத்தகைய பணி என்று சிந்தித்துப் பாருங்கள்!

1988-இல் தங்கள் அளவீடுகளை அவர்கள் வெளியிட்டார்கள். மேய்ப்பனுக்கு ஒரு துணை விண்மீன் இருப்பது அவற்றில் புலப்பட்டது. அதற்கும் மேலாக, சுமார் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் சிறு அசைவும் தெரிந்தது. அது ஒரு கோளாக இருக்கலாம் என்று தக்க எச்சரிக்கையுடன் எழுதினார்கள்.

பின்வாங்கிய கண்ணியம்

இதன்பின் நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தங்கள் முடிவை அவர்களே மேலும் கடுமையாகச் சோதித்தார்கள். அந்த விண்மீனின் கால்சியம் ஒளிக்கோட்டிலும் ஏறத்தாழ அதே காலஅளவில் ஏற்ற இறக்கம் இருப்பது போல் தெரிந்தது. விண்மீனின் மேற்பரப்பில் புள்ளிகள் இருந்து, அது தன்னைத்தானே மெல்லச் சுழன்றாலும் இப்படியொரு தோற்றம் உண்டாகலாம். அந்த ஐயம் எழுந்ததும், 1992-இல் அவர்களே மற்றோர் ஆய்வுரையை வெளியிட்டு, இந்த அசைவுக்கு விண்மீனின் சுழற்சியே காரணமாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார்கள்.

தங்களுக்கு வரவிருந்த புகழைத் தங்கள் கையாலேயே விலக்கி வைத்தார்கள். 1995-இல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே குவெலோவும், சூரியனைப் போன்ற மற்றொரு விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தனர். 2019-இல் நோபல் பரிசும் பெற்றனர்; அவர்கள் அதற்கு உரியவர்களே. கனடாக் குழுவின் புரூஸ் கேம்பெலோ, அதற்கு முன்பே வானியல் துறையை விட்டு விலகியிருந்தார்.

ஆனால் உண்மை காத்திருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள மெக்டொனால்டு வானாய்வகத்தில் ஆர்ட்டி ஹாட்சஸ், வில்லியம் காக்ரன் முதலியோர் மேய்ப்பனைத் தொடர்ந்து அளந்து வந்தனர். பழைய கனடா அளவீடுகளையும் புதிய அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இருபது ஆண்டுக்காலம் அந்த அசைவு தாளம் தப்பாமல் தொடர்ந்திருப்பது புலனாயிற்று. கோள்தான் என்ற முடிவு 2003-இல் வெளியாயிற்று. அந்த ஆய்வுரையின் ஆசிரியர் வரிசையில் வாக்கர், கேம்பெல், யாங் ஆகிய மூவரின் பெயர்களும் இடம்பெற்றன. 2007-இல் துணை விண்மீனின் உருவத்தையும் நேரடியாகப் பதிவு செய்தனர். அதற்கு உதவிய தொலைநோக்கிகளுள் ஒன்று அதே மௌனா கீ மலையின் மீது இருப்பது.

இரு சூரியன்களின் உலகம்

அந்தக் கோள் வியாழனைவிடப் பெரும் எடை கொண்டது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் இரு மடங்குத் தொலைவில், சுமார் 900 நாட்களில் பெரிய விண்மீனை ஒருமுறை சுற்றி வருகிறது. சிறிய விண்மீனோ, நம் சூரியனுக்கும் யுரேனசுக்கும் இடைப்பட்ட தொலைவு போன்ற தூரத்தில், ஏறத்தாழ 67 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இரு விண்மீன்களின் இழுபறிக்கிடையே கோள் ஒன்று உருவாகி நிலைத்திருப்பது எவ்வாறு என்பது அறிஞர்களை இன்றும் சிந்திக்க வைக்கிறது. இரண்டு விண்மீன்களையும் சேர்த்தே சுற்றும் கோள்களும் உண்டு. கெப்ளர் விண்தொலைநோக்கியின் உதவியால் 2011-இல் அறிவிக்கப்பட்ட 'கெப்ளர் 16 பி' அவ்வகையினது. அதன் ஓராண்டு 229 நாட்கள்.

சகோதர சகோதரிகளே! அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹ் இரு கிழக்குகளுக்கும் இரு மேற்குகளுக்கும் இறைவன் என்று கூறப்பட்டிருப்பதை ஓதியிருக்கிறோம். இரு சூரியன்களின் உலகைப் பற்றிக் கேட்டவுடன், அந்த வசனத்தை அதற்குச் சான்றாகக் காட்ட மேடையில் நிற்பவருக்கு ஆசை எழலாம். ஆனால் கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியன் உதித்து மறையும் எல்லைகளையே அது குறிப்பதாக விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளார்கள். நமக்கு உறுதியாகத் தெரியாததை இறைவசனத்தின் மீது ஏற்றிச் சொல்வது வேதத்திற்குச் செய்யும் கண்ணியமாகாது. இன்றைய ஆய்வு முடிவு நாளை திருத்தப்படலாம். 1992-இல் ஒருவர் இந்தக் கோளை வசனத்தோடு முடிச்சுப் போட்டிருந்தால், அவர் நிலை என்னவாகியிருக்கும்? அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் நம்மை எச்சரித்ததும் அதே வேதமல்லவா?

தத்மூர்

அந்தக் கோளுக்குப் பெயரிடும் வாய்ப்பு 2015-இல் வந்தது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் உலக மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அவ்வாண்டு டிசம்பரில் முடிவை அறிவித்தது. சிரியா நாட்டு வானியல் சங்கம் முன்மொழிந்த 'தத்மூர்' என்ற பெயர் தேர்வாயிற்று. பல்மைரா என்று உலகம் அறியும் பாலைவனப் பழநகரின் அரபுப் பெயர் அது.

அதே 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அந்நகரம் ஐ.எஸ். அமைப்பினரின் கையில் விழுந்தது. ஆகஸ்டில் அவர்கள் தத்மூரின் பழங்கோயில் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்நகரின் தொல்பொருட்களுக்கு நாற்பது ஆண்டுக்காலம் பொறுப்பாளராக இருந்த காலித் அல்-அஸ்அத், எண்பது வயதைக் கடந்த முதியவர். அரும்பொருட்கள் எங்கே மறைத்து வைக்கப்பட்டுள்ளன என்பதை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அதே மாதத்தில் அவர்கள் அவரைக் கொன்றார்கள். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை உயிர் பிரியும்வரை காத்தவர் அவர். மண்ணில் சிதைக்கப்பட்ட நகரின் பெயர், சில மாதங்களில் விண்ணில் ஒரு கோளின் பெயராயிற்று.

உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பரே. தம் பொறுப்பில் உள்ளவற்றைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற பொருளில் அமைந்த நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்நபிமொழியில் வரும் 'ராஈ' என்ற சொல்லே இந்த விண்மீனின் பெயரும். அஸ்-ஸூஃபி தம் கண்ணால் கண்டதைக் காத்தார். கனடா நாட்டு அறிஞர்கள் தங்கள் ஐயத்தை மறைக்காமல் காத்தார்கள். காலித் அல்-அஸ்அத் தம் ஊரின் செல்வத்தைக் காத்தார்.

நம் வீட்டில் நாம் காக்க வேண்டியது என்ன? தொலைபேசியில் வந்த செய்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்பும் முன் ஒரு கணம் நிற்பதும், சொன்னது தவறென்று தெரிந்தால் பிள்ளைகள் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்வதும் அந்தக் காவலில் அடங்கும். இன்றிரவு பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று வடதிசை வானைக் காட்டுங்கள். மேய்ப்பன் தெரியும் காலமாக இருந்தால் அவனையும், அவனைச் சுற்றி வரும் தத்மூரின் கதையையும் சொல்லுங்கள்.

அறிந்ததை மட்டும் அறிந்த அளவில் சொல்லும் நாவையும், ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் உறுதியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.