சித்தப்பாவின் பச்சை ஃபைல்



நேற்று நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். “சார், நடுவர் தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்துடுச்சு. ஆனா ஆள் நாக்பூர்ல இருக்கான். பணம் எப்படி வாங்கறது?”

எனக்கு என் சித்தப்பாவின் பச்சை ஃபைல் ஞாபகம் வந்தது. கிண்டியில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். குவாலியர்க்காரர் ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. 2010-ல் சென்னையில் நடுவர் தீர்ப்பு வந்தது. அதை எடுத்துக்கொண்டு குவாலியர் கோர்ட்டுக்குப் போனார். “முதலில் சென்னை கோர்ட்டில் போட்டு, அங்கிருந்து மாற்றல் உத்தரவு வாங்கி வாருங்கள்” என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அலைந்தார். 2016-ல் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1940-ஆம் வருஷச் சட்டப்படி நடுவர் தீர்ப்பு தானாகச் செல்லாது. கோர்ட்டில் தாக்கல் செய்து டிக்ரி வாங்க வேண்டும். எதிராளியின் சொத்து வேறு ஊரில் இருந்தால் அந்த டிக்ரியை அங்கே மாற்ற வேண்டும். 1996-ல் வந்த புதுச் சட்டம் இதை மாற்றியது. அதன் 36-வது பிரிவுப்படி, நடுவர் தீர்ப்பையே டிக்ரி போல நிறைவேற்றலாம். சட்டம் மாறியும் பழக்கம் முழுக்க மாறவில்லை. மத்தியப் பிரதேச, இமாசல ஹைகோர்ட்டுகள் மாற்றல் உத்தரவு வேண்டும் என்றன. சென்னை, டெல்லி, கேரள ஹைகோர்ட்டுகள் வேண்டாம் என்றன.

முடிச்சை அவிழ்த்தது நம்மூர் வழக்குதான். சுந்தரம் ஃபைனான்ஸ் கம்பெனி, வண்டிக் கடன் பாக்கிக்கான தீர்ப்போடு மத்தியப் பிரதேசம் மொரேனா கோர்ட்டுக்குப் போனது. அங்கே மனு திரும்பியது. அந்த மாநில ஹைகோர்ட்டின் கருத்து முன்பே தெரிந்ததால், நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார்கள். 2018 பிப்ரவரி 15 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் சஞ்சய் கிஷன் கௌலும் தீர்ப்புச் சொன்னார்கள். நடுவர் தீர்ப்பை எந்தக் கோர்ட்டும் பிறப்பிக்கவில்லை. டிக்ரி ‘போல’ என்பது நிறைவேற்றுவதற்காக மட்டுமே. பிறப்பித்த கோர்ட்டே இல்லாதபோது எங்கிருந்து மாற்றுவது? ஆகவே எதிராளியின் சொத்து எங்கே இருக்கிறதோ, அங்கேயே நேராக மனுப் போடலாம்.

சித்தப்பா பிள்ளை அந்த ஃபைலைப் பழைய பேப்பர்காரரிடம் போட இருந்தான். நான்தான் தடுத்தேன். டிக்ரியை நிறைவேற்ற 12 வருஷக் கெடு உண்டு, அது தீரவில்லை. 2019-ல் குவாலியரிலேயே மனுப் போட்டான். எதிராளியின் பேங்க் கணக்கை ஜப்தி செய்ததும் சமாதானத்துக்கு வந்தார்கள். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அசலை வாங்கினோம். சித்தி அந்தச் செக்கைச் சித்தப்பா படத்தின் முன் வைத்துவிட்டு, வெகுநேரம் பேசவே இல்லை.

அந்த மாணவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எதிராளி ஆட்சேபிக்க மூன்று மாதமும், கோர்ட் அனுமதித்தால் மேலும் முப்பது நாளும் உண்டு. அதுவரை சும்மா இராமல், அவருடைய வீடு, பேங்க் கணக்கு எங்கே என்று விசாரித்து வையுங்கள். பிறகு அந்த ஊரிலேயே நல்ல வக்கீலாகப் பாருங்கள். முக்கியமாக, ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆசிகளுடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்