பண்டிதை அசலாம்பிகையம்மையார்

பெண்பாலார் பாவியற்றுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. அற்புதத் திருவந்தாதி அருளிய காரைக்காலம்மையார் திருமுறையாசிரியருள் ஒருவராக வைத்துப் போற்றப்பெறுவர். எனினும், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தே பெண்ணுக்குக் கல்வி எற்றுக்கு என்பார் மலிந்திருந்தனர். இளமையிற் கணவனையிழந்த மகளிர்க்கோ வீட்டின் மூலையே உலகமாயிற்று. 1856-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் மறுமணத்திற்கு இடந்தந்தும், ஊர் வழக்கம் இடந்தந்திலது.

அந்நிலையில், 1875-ஆம் ஆண்டில், திண்டிவனத்தையடுத்த இரட்டணையிற் பிறந்தவர் அசலாம்பிகையம்மையார். இவர் இளமையிலேயே மணஞ்செய்விக்கப்பெற்று, இளமையிலேயே கைம்மையும் எய்தினார். ஆயினும் துயரில் அழுந்தாது தமிழைத் துணையாகப் பற்றினார். பண்டிதை எனப் பலரும் அழைக்கும் புலமையெய்தினார். அவைகளிலேறிச் சொற்பொழிவும் ஆற்றினார். ஆத்திசூடி வெண்பா, திலகர் மான்மியம், இராமலிங்க சுவாமிகள் சரிதம் முதலியன இவர் இயற்றியவை. திரு. வி. கலியாணசுந்தரனார் இவரை இக்கால ஒளவையார் எனப் பாராட்டினர்.

இவர்தம் நூல்களுட் சிறந்தது காந்தி புராணம். காந்தியடிகள் உயிரோடு உலாவிய நாளிலேயே அவர்தம் வரலாற்றைச் செய்யுளாற் பாடத் தொடங்கினார்.

அற்றேல், புராணமாவது இறைவன் அருட்செயலை உரைப்பதன்றோ? மக்களுள் ஒருவரை, அதிலும் வாழ்வாரை, அப்பெயராற் பாடுதல் பொருந்துமோ எனின், கூறுதும். வாழ்வாரைப் பாடியது புதுமையே. மக்களைப் பாடியது புதுமையன்று. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் வேடரும், குயவரும், பரதவரும் தத்தந் தொழிலில் நின்றே தொண்டாற்றிய திறத்தை விரித்தனர். ஆடை நெய்து அடியார்க்களித்த நேச நாயனாரையும் அந்நூலுட் காண்கின்றோம். தொண்டே புராணத்திற்குப் பொருளாம் என்பது அவர் காட்டிய நெறி. இராட்டையுங் கையுமாக ஏழைகட்குத் தொண்டுபூண்ட ஒருவரை அம்மையார் பாடியதும் அந்நெறியைத் தழுவியதேயாம். பழைய யாப்பைக் கைவிடாது புதிய பொருளை அதனுள் அமைத்தமையே இவர்தம் பெருமை.

வள்ளலார் சித்தியெய்திய 1874-ஆம் ஆண்டுக்கு மறுவாண்டிற் பிறந்த அம்மையார், முதுமையில் அப்பெருமான் தருமச்சாலை நிறுவிய வடலூரையே உறைவிடமாகக் கொண்டு, 1955-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தனர். கைம்மையைக் காரணங்காட்டிக் கல்வியை மறுத்த வழக்கம் எத்துணைப் புலமையை முளையிலே கெடுத்ததோ என்பதை இவ்வொருவர் வாழ்வே உணர்த்தும். இவர் நூல்களைத் தேடிக் கற்றலும் தம் மகளிர்க்குக் கற்பித்தலும் சைவ நன்மக்கள் கடனாம்.