கிளிக்குப் பாடம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்துக்கு மேற்கே ஒரு மண்டபம் இருக்கிறது. கிளிக்கூட்டு மண்டபம் என்று பெயர். ஒரு காலத்தில் பெயருக்கு ஏற்றபடி அங்கே கூண்டுகளும், கூண்டுகளில் கிளிகளும் இருந்தன. அம்மனின் திருநாமத்தைச் சொல்ல அவற்றைப் பழக்கியிருந்தார்கள். இப்போது பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பக்தியைக் காட்டிலும் ஒரு சந்தேகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். அந்தக் கிளிகளுக்கு எப்படிப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

கிளியைப் பேசவைப்பது நம் தேசத்தில் மிகப் பழைய வித்தை. வாத்ஸ்யாயனர் தம் நூலில் 64 கலைகளை அடுக்குகிறார். (எந்த நூல் என்று வாசகர்களுக்குத் தெரியும்; வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், பெயர் வேண்டாம்.) கிளிக்கும் மைனாவுக்கும் பேச்சுக் கற்பிப்பது அவற்றில் ஒன்று. அதோடு விட்டாரா? நாகரிகமான நகரவாசி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்யும் காரியங்களிலும் இதைச் சேர்த்திருக்கிறார். நாம் கட்டையைச் சாய்க்கும் நேரம்! ஆனால் செய்முறையை மட்டும் அவர் விவரிக்கவில்லை.

செய்முறைக்கு ரோமாபுரிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அதற்கும் முன்பே, சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்னால், பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டீசியஸ் என்ற கிரேக்கர் நம் கிளியைப் பற்றி எழுதி வைத்தார். அது மனிதனைப் போல இந்திய பாஷை பேசுமாம். கிரேக்கம் கற்றுக் கொடுத்தால் கிரேக்கமும் பேசுமாம். எந்த இந்திய பாஷை என்று அவர் சொல்லவில்லை. பிற்காலத்துச் சண்டைகளை எதிர்பார்த்த புத்திசாலி போலிருக்கிறது.

ரோமாபுரிக்காரர் பிளினி. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரை விட்ட அதே பெரியவர்தான். இந்தியாவிலிருந்து வரும் இந்தப் பறவைக்கு உடம்பெல்லாம் பச்சை, கழுத்தில் சிவப்பு வளையம் என்று அவர் எழுதுவதைப் படித்தால் நம் தோப்புக் கிளி கண்முன் வந்துவிடும். அது சக்கரவர்த்திக்கு வணக்கம் சொல்லும். மது உள்ளே போனால் கும்மாளம் போடும். பாடம் சொல்லும் விதம்தான் பயங்கரம். கிளியின் தலை அலகைப் போலவே கெட்டியாம். ஆகையால் இரும்புக் கம்பியால் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். வேறு எதனால் அடித்தாலும் அதற்கு உறைக்காதாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பிரம்போடு நிறுத்திக்கொண்டார்கள். புண்ணியவான்கள்.

மற்றப் பறவைகளுக்குப் பிளினி இன்னொரு முறை சொல்கிறார். வேறு குரல் எதுவும் காதில் விழாத தனி இடத்தில் பறவையை வைக்க வேண்டும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இடையிடையே தீனி கொடுத்துத் தாஜா பண்ண வேண்டும்.

என் சித்தப்பா பிளினியைப் படித்தவர் அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டுக் கிளிக்கு அவர் கடைப்பிடித்தது அப்படியே இந்த முறைதான். அப்போது யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம் என்று ஆக்கிய வனவிலங்குச் சட்டம் 1972-க்கு அப்புறம்தான் வந்தது. தினமும் விடியற்காலையில் கூண்டை உள் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "ராம ராம" என்று ஆரம்பிப்பார். ஒரு "ராம ராம"வுக்கு ஒரு கோவைப்பழம். மூன்று மாதம் ஜபம் நடந்தது. கிளி பழத்தை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுக் "கீ" என்றது. சித்தப்பாவுக்குப் புண்ணியம் சேர்ந்ததுதான் மிச்சம்.

இந்த முறை ஏன் பலிக்கவில்லை என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1977-ல் சிகாகோவில் ஒரு பிராணிக் கடையில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி, அலெக்ஸ் என்று பெயரிட்டார். அவர் கிளியைத் தனியே அடைத்து வைக்கவில்லை. அதன் எதிரில் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் ஒரு சாமானைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் சாமான் அவர் கைக்கு வரும். தப்பாகச் சொன்னால் கண்டிப்பும் ஏமாற்றமும். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். டீட்மார் டோட் என்ற ஜெர்மானியர் 1975-ல் வெளியிட்ட முறையைத் தழுவியது இது. பார்த்துக்கொண்டே இருக்கும் கிளிக்குப் பொறுக்காது. தானும் நடுவில் புகுந்துவிடும். அலெக்ஸ் நூறு வார்த்தைகளுக்கு மேல் கற்று, நிறமும் வடிவமும் சொல்லி, 6 வரை எண்ணி, 2007-ல் செத்துப்போயிற்று.

காட்டில் கிளி கூட்டமாக வாழ்கிற ஜாதி. ஒன்றன் குரலை ஒன்று பிடித்துக்கொள்வது அதற்கு உறவு. யாரும் யாருக்கும் பதில் சொல்லாத அறையில், தானாக உளறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனிடம் அதற்கு என்ன உறவு இருக்க முடியும்?

இதைப் படித்த அன்று எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. பாடம் முடிந்ததும் கூண்டை ரேழியில் மாட்டிவிடுவார்கள். அந்த வருஷம் அப்பாவுக்குக் கடன் மேலிட்டிருந்தது. கடன் கொடுத்தவர் ஒருவர் காலை வேளையில் தவறாமல் வருவார். அப்பா கூடத்து ஊஞ்சலில் இருந்தபடி எனக்கு ஜாடை காட்டுவார். நான் ரேழிக்கு ஓடுவேன்.

"அப்பா இருக்காராடா?"

"ஊரிலே இல்லை."

திரும்பி வந்தால் அப்பா பார்க்காதவர்போல அரையணாவை என் பக்கம் நகர்த்தி வைப்பார். எனக்கும் கோவைப்பழம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவர் வந்து கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் தலைக்கு மேலிருந்து, என் குரலிலேயே, "ஊரிலே இல்லை" என்று பதில் வந்தது. அவர் கூண்டை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "கிளியையுமா?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

கூடத்தில் ஊஞ்சல் சங்கிலியின் சத்தம் நின்றது.

மறுநாள் அவர் வந்தபோது அப்பா எனக்கு ஜாடை காட்டவில்லை. தாமே எழுந்து மேல்துண்டைப் போட்டுக்கொண்டு ரேழிக்குப் போனார். எதிரே நின்று, தவணை கேட்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை கிளி தலைக்கு மேலிருந்து, "ஊரிலே இல்லை, ஊரிலே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.