மேய்ப்பரும் மேற்பார்வையாளரும்: தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

கிறிஸ்தவத் திருச்சபையில் சமயத் தலைவரைக் குறிக்க வழங்கும் சொற்களுள் இரண்டை இங்கு எண்ணிப் பார்ப்போம். ஒன்று மேய்ப்பர், மற்றொன்று அத்தியட்சர். பிஷப் என்னும் பதவியையே தமிழில் அத்தியட்சர் என்றனர். மேற்பார்வை செய்பவர் என்பது அவ்வடசொல்லின் பொருள். மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. மேய்ப்பரோ, வெயிலிலும் மழையிலும் மந்தையோடு நடப்பவர். மேலிருந்து பார்ப்பதும் உடன் நடப்பதும் ஒருவரிடத்தே பொருந்துதல் எளிதன்று. அதிகாரம் மிகுந்தால் பராமரிப்புக் குன்றும். பரிவு மட்டுமே மிகுந்தாலோ, பராமரிக்கப்படுவோர் என்றும் பிறர் கையை எதிர்பார்ப்போராகவே நின்றுவிடுவர். இவ்விரு இடர்களுக்கும் நடுவே வழி கண்ட ஒருவரின் வரலாற்றை நேயர்கள் அறிவது பயனுடையது என்று கருதுகிறோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் அக்கிராமச் சபையின் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா, 1895 முதல் வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்த முயற்சியால் கடல் கடந்து ஊழியம் நடத்துவதைக் கண்டார். நம் நாட்டுச் சபைகள் மேனாட்டாரின் பொருளையும் ஆளையுமே எதிர்பார்த்திருப்பது முறையா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அச்சங்கம் பணிக்களமாகத் தேர்ந்தது அந்நாளைய நிஜாம் இராச்சியத்தில் இருந்த, இன்று தெலங்கானா மாநிலத்தில் அடங்கிய, தோர்ணக்கல். பிறரை அனுப்புவதோடு அவர் அமையவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்று, தாமே அங்குச் சென்று குடியேறினார்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தனர்; ஆசியர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான அசரியா, மேனாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே நிலவும் உறவைப் பற்றிப் பேசினார். மேனாட்டாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை; நன்றியோடு ஏற்றார். ஆயினும், அன்பான எசமானர்கள் வேண்டா, நண்பர்களே வேண்டும் என்னும் கருத்தை அவையோர் நெஞ்சில் தைக்கும்படி எடுத்துரைத்தார். அப்பேச்சு சிலருக்குக் கசந்தது. எனினும் அம்மாநாட்டு உரைகளுள் இன்றும் நினைக்கப்படுபவற்றுள் அது முதன்மையானது.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி அடைந்த முதல் இந்தியர் அவரே. இதற்குச் சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட்டின் ஊக்கம் பெருந்துணையாயிற்று. எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியக் குருமார் பணிபுரிவதா என்று வினவினோர் ஒருபுறம்; சாதி வேற்றுமையை எண்ணி ஐயுற்ற இந்தியர் மறுபுறம். தொடக்கத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட மறைமாவட்டம் சிறியது; பின்னரே அது விரிவாக்கப்பட்டது. 1945இல் அவர் மறையும் வரையில், ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றின் தலைமையில் வேறு இந்தியர் எவரும் அமர்த்தப்படவில்லை. ஆகவே அவர் தவறினால் அத்தவறு அவர் ஒருவரோடு நிற்பதன்று. இந்தியர் தலைமைக்கே தகுதியற்றவர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டிருக்கும்.

அவருடைய மந்தையில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், நிலமற்ற உழைப்பாளிகள், எழுத்தறியாதவர்கள். மாட்டுவண்டியேறிக் கிராமம் கிராமமாகச் சென்ற அத்தியட்சர், அவர்கள் குடிசைகளுக்கு நடுவே அமர்ந்து உபதேசித்தார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று சொல்லி, அவற்றை ஓட்டுவதும் ஆன்மிகப் பணியே என்றார். கிராம உபதேசியார்களுக்கும் குருமாணவர்களுக்கும் தோர்ணக்கல்லில் பயிற்சி தரப்பட்டது. அவர்களுடைய மனைவியரும் உடன் பயின்றனர். பெண்கள் பணியில் அசரியாவின் துணைவியார் அன்பு அம்மையார் முன்னின்றார்.

இங்குதான் அவர் தலைமையின் தனிச்சிறப்பை நாம் காண்கிறோம். ஏழை என்பதற்காக எவரையும் பொறுப்பினின்று அவர் விலக்கி வைக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் நற்செய்தியைப் பிறர்க்கு உரைக்கும் கடமையுடையவர் என்று கற்பித்தார். பணமில்லாதவர் அறுவடைக் காலத்தில் தானியமும் கோழியும் காணிக்கையாகக் கொணர்ந்தனர். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். கொடுப்பவன் தலைநிமிர்ந்து நிற்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். தீண்டாமைக்கு உட்பட்ட குலத்திற் பிறந்தோர் கல்வி பெற்று, குருப்பட்டம் பெற்று, சபைகளை நடத்தினர். 1940களின் தொடக்கத்தில் அம்மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது.

இவ்வளர்ச்சி நாட்டில் விவாதத்தையும் எழுப்பியது. 1930களின் நடுவில், தாழ்த்தப்பட்ட மக்கள் திரளாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாகக் குறை கூறினார். அம்மக்கள் ஆராய்ந்து தெளிந்து மாறுகின்றனரா என்பது அவருடைய ஐயம். எளிய மக்களும் தம் நம்பிக்கையைத் தாமே தெரிந்துகொள்ள வல்லவர் என்பது அசரியாவின் மறுமொழி. ஆயினும் தம் சமூகத்துக்குச் சலுகை தேடும் தலைவராக அவர் இருக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி அளிப்பதை அவர் எதிர்த்தார். திருச்சபை அரசியல் வகுப்பாகச் சுருங்கிவிடும் என்று அஞ்சினார்.

அவர் எண்ணியவை யாவும் நிறைவேறின என்று கூறுவதற்கில்லை. மாலருக்கும் மாதிகருக்கும் இடையே இருந்த பிளவு சபைக்குள்ளும் நீடித்தது. அவருடைய நிர்வாகம் கண்டிப்பு மிக்கது என்று குறைப்பட்டோரும் உண்டு. தந்தை போன்ற தலைவர்க்கு நேரும் இடர் அது. நண்பர்களே வேண்டும் என்று கேட்டவரும் அதனை முற்றிலும் கடந்துவிட்டார் என்று சொல்ல இயலாது.

1919இல் தரங்கம்பாடியில் அவரும் பிற ஊழியர் 32 பேரும் கூடி, பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். மேனாட்டில் பிறந்த பிணக்குகளைக் கிராமத்து ஏழைமீது சுமத்துதல் தகாது என்பது அசரியாவின் கருத்து. இந்திய மரபுகளைத் தழுவிய கட்டடக்கலையுடன் அவர் தோர்ணக்கல்லில் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1945 ஜனவரி முதல் நாள் அவர் தோர்ணக்கல்லில் காலமானார். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்த காட்சியைக் காண அவர் இல்லை.

ஆளைத் தாங்கி நிற்பது ஒருவகைப் பராமரிப்பு. அவனைத் தன் காலில் நிற்கச் செய்வது அதனினும் உயர்ந்த பராமரிப்பு. முன்னதற்குப் பரிவு போதும். பின்னதற்கோ, பராமரிக்கப்படுபவன்மீது நம்பிக்கையும் வேண்டும். தோர்ணக்கல்லின் குடிசைவாழ் மக்களிடத்து அசரியா வைத்தது அந்நம்பிக்கையே. எச்சமயத் தலைவர்க்கும் அது வேண்டுவது என்பதே எம் கருத்து.