எழுத்து யாருடையதோ, ஒப்பு நம்முடையது!

கி.பி. 1006 வாக்கில், ராஜராஜ சோழன் ஒரு கிராமத்தைத் தானம் கொடுக்கிறார். ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமம். சக்கரவர்த்தியே வாய்திறந்து சொல்லியாகிவிட்டது. அப்புறம் என்ன, வேலை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் ஆரம்பமே!

மன்னர் சொன்னதைக் கேட்டு ஓலையில் எழுத ஓர் அதிகாரி. அதற்கு 'ஒப்பு' கொடுக்க ஓலைநாயகங்கள். பிறகு வரி இலாகா அதிகாரிகள் கூடிக் கணக்கில் ஏற்ற வேண்டும். யார் எழுதினார், யார் ஒப்பினார் என்று ஆள் பெயரோடு செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். 21 ஏடுகள்! பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அதற்கு 'லெய்டன் செப்பேடு' என்று பெயர்.

எழுதுவது ஒரு வேலை. ஒப்புவது வேறு வேலை. பின்னால் வில்லங்கம் வந்தால், 'ஓலை தானா அப்படி எழுதிக்கிச்சு' என்று யாரும் கை கழுவ முடியாது. நாம் இன்றைக்குப் போடும் 'கையொப்ப'த்துக்குள் உட்கார்ந்திருப்பதும் அதே ஒப்புதான்.

இந்த விஷயம் பல்கலைக்கழகங்களுக்கு ரொம்பவே முக்கியம். நம் ஊரில் பல்கலைக்கழகம் பிறந்ததே ஆபீஸாகத்தான்! 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் வேலை, பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது. பாடம் நடத்தியவை கல்லூரிகள். அதாவது, காகிதத்தில் இருக்கும் கையெழுத்தை ஊர் நம்புகிறதே, அதுதான் மூலதனம்.

2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வந்தது. கேட்டால் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு. ஆபீஸ்களுக்குக் குஷி! மூன்றே மாதத்தில் ஒரு சோதனை.

2023 பிப்ரவரி 13. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு. மூன்று மாணவர்கள் பலி. மூன்று நாள் கழித்து, வேறொரு மாநிலத்தில் இருக்கும் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் தன் மாணவர்களுக்கு ஆறுதல் கடிதம் அனுப்பியது. ஒருவருக்கொருவர் அரவணைப்பாக இருப்போம் என்ற தோரணையில் கடிதம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி... சாட்ஜிபிடி எழுதியதைத் தழுவியது என்று!

மாணவர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே மன்னிப்புக் கடிதம். பொறுப்பில் இருந்த இருவர் தற்காலிகமாக ஒதுங்க நேர்ந்தது. கவனியுங்கள், அவர்கள் எதையும் மறைக்கவில்லை. இருந்தும் போதவில்லை. ஏன்? துக்கம் விசாரிக்கப் போகிறவர் தனக்குப் பதில் டேப் ரெக்கார்டரை அனுப்பலாமா?

அதற்காக மிஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றறிக்கைக்கு முதல் நகல் எழுதட்டும். நீளமான கூட்டக் குறிப்பைச் சுருக்கட்டும். ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கட்டும். ஆனால், அது இல்லாத அரசாணைக்குக்கூட நம்பர் போட்டுக் கொடுக்கும்... கூசாமல்! சரிபார்க்க ஆள் வேண்டும். மாணவரின் மதிப்பெண், சாதிச் சான்று, செல் நம்பர் எல்லாவற்றையும் பொதுவில் கிடைக்கும் சாட் பெட்டிக்குள் கொட்டக் கூடாது. 2023-லேயே தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு இந்தியா சட்டம் போட்டுவிட்டது. 'இவருக்கு சீட் இல்லை, இவருக்கு உதவித்தொகை இல்லை' என்ற முடிவு? அது மனிதர் கையில்தான் இருக்க வேண்டும்.

திருப்பூர் நல்லூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். பனியன் கம்பெனியில் மிஷின் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், செக்கிங் டேபிளைத் தாண்டாமல் ஒரு பீஸ்கூட பெட்டிக்குள் போகாது. ஒரு தையல் விட்டிருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

அந்த டேபிளில் நாள் முழுக்க நின்று மகளைப் படிக்க வைக்கும் அம்மாக்கள் உண்டு. வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிற பெண். சுற்றறிக்கையில் கடைசித் தேதி ஒன்று தப்பாக விழுந்தால் போதும், உதவித்தொகை போச்சு! 'கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா வந்துச்சு' என்று ஜன்னலுக்கு உள்ளிருந்து பதில் வந்தால், அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

பனியனுக்கே செக்கிங் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு வேண்டாமா? எழுத்து யாருடையதாகவும் இருக்கட்டும்... ஒப்புக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், பெயரோடு!